பங்கில்லாத பூட்டு

பெரிய வீடுகளுக்குக் காவல் இருப்பது என் வேலை. திருமயம் பக்கத்து ஊர்களில் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய. ஒரு தெருவில் முன்வாசல் இருக்கும், அடுத்த தெருவில் பின்வாசல் இருக்கும். சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கூட்டிப் பெருக்க, விளக்கேற்ற, வௌவால் விரட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் குடும்பம் இருந்தால் பின்கட்டில் தங்கிக்கொள்ளலாம். சம்பளம் சொற்பம்தான். இருக்க இடம் கிடைக்கிறதே என்றுதான் போகிறோம்.

எங்களுக்கென்று இருந்தது கண்மாய்க் கரையில் ஒரு கூரை வீடு. என் அப்பா போட்டது. இடம் புறம்போக்கு. ஆக்கிரமிப்பு எடுக்கிறோம் என்று ஒரு நாள் மண் அள்ளும் மிஷின் வந்தது. மாற்று இடம் தருவார்கள் என்று சொன்னார்கள். இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். என் மகள் அப்போது ஆறாவது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், வீடு இருந்த இடத்தில் பையோடு நின்றாள். "அடுப்பு எங்கப்பா?" என்று கேட்டாள். வீடு எங்கே என்று கேட்கவில்லை.

பிறகு திருமயத்தில் என் தங்கை வீட்டில் இருந்தோம். தங்கை மாப்பிள்ளை நல்ல மனிதர். ஒன்றும் சொல்ல மாட்டார். சாப்பிட்ட தட்டை மட்டும் வரவரச் சத்தமாகக் கீழே வைத்தார். புரிந்துகொண்டு கிளம்பினோம். ஒரு ரைஸ்மில் கொட்டகையில் கொஞ்ச நாள் இருந்தோம். அங்கே தவிட்டுத் தூசியில் மகளுக்கு இளைப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் இந்தக் காவல் வேலை. முதல் வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் தூண், கதவு, நிலை என்று கழற்றி லாரியில் ஏற்றினார்கள். பின்கட்டில் நாங்கள் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போதே முன்கட்டில் ஓடு இறங்கியது. இரண்டாவது வீட்டை ஓட்டல் ஆக்கினார்கள். வெள்ளைக்காரர்கள் வந்து தங்குவார்கள், இங்கிலீஷ் பேசுகிற ஆள் வேண்டும் என்றார்கள். எனக்குத் தமிழே கொஞ்சம்தான் வரும்.

ஒவ்வொரு தடவையும் சாமான்களைச் சாக்கில் கட்டினோம். மகள் தன் சாக்கைத் தானே கட்டுவாள். போய்ச் சேர்ந்த இடத்தில் பிரிக்க மாட்டாள். பாவாடை வேண்டுமென்றால் சாக்குக்குள் கையை விட்டுத் துழாவி எடுப்பாள். துவைத்துக் காய்ந்ததையும் சாக்குக்குள்ளேயே போடுவாள்.

"ஏத்தா, கொடியில போடு. கசங்குதுல்ல" என்பாள் என் மனைவி.

"எதுக்கு? மறுபடி கட்டணும்ல."

எட்டாவதில் சேட்டை ஆரம்பித்தது. வகுப்பில் அவளுக்கு "மூட்டை" என்று பேர் வைத்திருந்தார்கள். "ஏய் மூட்டை, இந்த வருசம் யாரு வீட்டுக் கொல்லை?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். இவள் அந்தப் பெண்ணின் கையைக் கடித்துவிட்டாள். பெரிய டீச்சர் என்னை வரச் சொன்னார்.

"நீங்கதான் அப்பாவா? இங்க பாருங்க, பல்லு பதிஞ்சிருக்கு. நாய் கடிச்சா ஊசி போடுவோம். இதுக்கு எதப் போடுறது, சொல்லுங்க."

அவர் பதிவேட்டைப் புரட்டினார்.

"வீட்டு அட்ரஸ் என்ன? போன வருசம் குடுத்தது வேற. நடுவுல ஒண்ணு குடுத்தீங்க, அது வேற."

"இப்ப ஒரு வீட்டுப் பின்கட்டுல இருக்கோங்க டீச்சர்."

"எத்தன நாளைக்கு?"

"தெரியலீங்க."

அவர் அந்த விலாசத்தைப் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

ஒன்பதாவதில் இன்னும் மோசம். பள்ளிக்கூடம் விட்டதும் வர மாட்டாள். திருமயம் கோட்டைப் பாறையில் போய் உட்கார்ந்துகொள்வாள். அங்கே சீட்டாடுகிற பையன்கள் இருப்பார்கள். ஒரு நாள் அவர்களில் ஒருவன் சட்டையைக் கிழித்துவிட்டு வந்தாள். இன்னொரு நாள் பஸ் கண்ணாடியில் கல்லை விட்டு எறிந்தாள். டிரைவர் இறங்கி வந்து பிடித்துக்கொண்டார். ஏன் எறிந்தாய் என்று கேட்டதற்கு, "அது நிக்காமப் போச்சு" என்றாள்.

என் மனைவி விளக்குமாற்றை எடுத்துச் சாத்தினாள். இவள் அழவில்லை. அடியை வாங்கிக்கொண்டே, "இந்த வெளக்கமாறு நம்மளதா, அவுகளதா?" என்று கேட்டாள். என் மனைவி அதைக் கீழே போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளை அடித்ததில்லை.

பத்தாவது தொடங்கும்போது மூன்றாவது வீட்டுக்கு வந்திருந்தோம். பெரிய டீச்சர் மறுபடி கூப்பிட்டார். இன்னொரு புகார் வந்தால் டிசி கொடுத்து அனுப்பிவிடுவேன் என்றார். பிறகு குரலைத் தணித்து, "மூளை இருக்குங்க அந்தப் புள்ளைக்கு. பத்தாவத மட்டும் தாண்டிட்டா நர்சிங், கிர்சிங்னு ஏதாவது வழி பண்ணலாம். ஒரு வருசம் எங்கிட்டும் தூக்கிட்டு அலையாதீங்க" என்றார்.

நான் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "பரீச்ச முடியுற வரைக்கும் இந்த வீட்ட விட்டு நகரக் கூடாது."

"நம்ம கையிலயா இருக்கு?" என்றாள்.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது ஒருவருடைய வீடு இல்லை. தாத்தா ஒருவர் கட்டியது. அவர் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள் என்று பங்கு பிரிந்துகொண்டே வந்துவிட்டது. வீட்டை வெட்டிப் பங்கு போட முடியாது. அதனால் அறைகளைப் பங்கு போட்டிருந்தார்கள். நடுவில் வானம் தெரிகிற பெரிய வளவு. அதைச் சுற்றி வரிசையாக அறைகள். பங்காளி ஒருவருக்கு ஓர் அறை. அவரவர் பூட்டு அவரவர் கதவில் தொங்கும். சாவி ஊரில் இருக்காது. உள்ளே பித்தளை அண்டா, பழைய கட்டில், சீர் சாமான்கள் இருக்கும் என்பார்கள். நான் பார்த்ததில்லை. கதவில் பூட்டு தொங்கினால் அந்த வீட்டில் பங்கு இருக்கிறது என்று அர்த்தம். பூட்டில் துரு ஏறினால் எண்ணெய் போட வேண்டியது என் வேலை.

ஒரே ஓர் அறைக்குப் பூட்டு இல்லை. இரண்டாங்கட்டுக்குத் திரும்புகிற மூலையில் இருந்தது. அந்தப் பங்குக்காரருக்குப் பிள்ளை இல்லை. அவர் காலத்துக்குப் பிறகு அது எல்லாருக்கும் பொது. எல்லாருக்கும் பொது என்பதால் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் எடுத்தால் மற்றவர்கள் விட மாட்டார்கள். வெறும் தாழ்ப்பாளோடு கிடந்தது. இதையெல்லாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குச் சொன்னார்கள். நான் வீட்டில் சொன்னேன். மகள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

நாங்கள் படுத்தது அடுப்படிக்கு வெளியே இருந்த நடையில். அதற்குக் கதவு கிடையாது. மகள் உடை மாற்ற வேண்டுமென்றால் அவள் அம்மா சேலையை விரித்துப் பிடிப்பாள். பதினைந்து வயதுப் பெண்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை வளவில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிட்டுக்கொண்டு வந்தேன். மூலை அறையில் ஒரு பூட்டு தொங்கியது. சிறியது, மஞ்சள் நிறம். சந்தையில் கூடைக்காரர்கள் விற்கிற பூட்டு. கதவிடுக்கில் மூக்கை வைத்தேன். மகள் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசம் வந்தது.

மனைவியைக் கூட்டிவந்து காட்டினேன்.

"அடிப்பாவி" என்றாள். பிறகு, "ஒடைச்சிருவோமாங்க?" என்றாள்.

"இருக்கட்டும்."

"யாராச்சும் வந்துட்டா?"

"மாசியில படைப்புக்குத்தான வருவாக. அதுக்கு முன்னாடி எடுக்கச் சொல்லிக்கலாம்."

படைப்பு என்பது அவர்கள் முன்னோருக்குப் படையல் போடுகிற நாள். பங்காளிகள் எல்லாரும் வந்து கூடுவது அன்றைக்கு மட்டும்தான். மீதி நாளெல்லாம் அந்த வீடு எனக்கும் புறாவுக்கும்தான். நான் கணக்குப் போட்டதில் தப்பில்லை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மகள் மாறிவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டால் நேராக வீடு. கையைக் காலைக் கழுவிக்கொண்டு அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சத்தமாகப் படிப்பது வளவுக்குக் கேட்கும். குளிக்கப் போனால்கூடப் பூட்டிவிட்டுத்தான் போவாள். சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள்.

ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடப் போய்க் கதவைத் தள்ளினேன்.

"தட்டணும்ப்பா" என்றாள் உள்ளேயிருந்து.

கதவை இழுத்துச் சாத்திவிட்டுத் தட்டினேன்.

"யாரு?"

"நாந்தான்."

"என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல."

"அப்பப் போங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. சோறு ஆறிப்போனது என்று என் மனைவி அங்கிட்டிருந்து கத்தினாள். கத்தினாளே தவிர, அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அரைப் பரீட்சை முடிந்து பெரிய டீச்சர் கூப்பிட்டபோது டிசியைத்தான் தரப்போகிறார் என்று பயந்துகொண்டே போனேன்.

"என்னங்க பண்ணீங்க? அந்தப் புள்ளையா இதுன்னு இருக்கு. ஒரு சண்ட இல்ல, சத்தம் இல்ல. மந்திரிச்சு விட்டீங்களா?"

"இல்லீங்க டீச்சர்."

"பின்ன?"

"ஒண்ணும் பண்ணலீங்க."

நான் ஒன்றும் பண்ணவில்லை. அதுதான் உண்மை.

தை மாதம் பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம். அதற்கு வந்த பங்காளி ஒருவர், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று வீட்டை எட்டிப் பார்த்தார். வளவைச் சுற்றி நடந்தார். மூலைக் கதவின் முன்னால் நின்றார். போனை எடுத்துப் பூட்டைப் போட்டோ பிடித்தார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கார் ஊர் எல்லையைத் தாண்டியிருக்காது, அந்தப் போட்டோ பங்காளிகளின் வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் போய்விட்டது.

முதலில் சென்னைக்காரர் கூப்பிட்டார். வீட்டு நிர்வாகம் அவர் கையில். எனக்குச் சம்பளம் அனுப்புபவர்.

"அந்த ரூமுக்குப் பூட்டுப் போட்டது யாருப்பா?"

"ஐயா, அது வந்துங்க..."

"கோயம்புத்தூரான் வேலைதானே. எனக்குத் தெரியும். நீ ஒண்ணும் சொல்ல வேணாம்."

அடுத்து கோயம்புத்தூர்க்காரர். "எங்க அண்ணன்தானே பூட்டுனது? ஒன்னைய வச்சே பூட்டச் சொல்லிருப்பாரு. நீ பாவம், சொல்லாத, விடு."

கடைசியில் ஆச்சி கூப்பிட்டார். அந்தக் குடும்பத்தில் மூத்தவர். "ஏப்பா, ரெண்டு பேருல எவன்னு மட்டும் சொல்லு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "வேணாம், ஒனக்கு வேலை போயிரும்" என்று அவரே போனை வைத்துவிட்டார்.

யாரும் என்னைச் சொல்ல விடவில்லை. எங்களில் ஒருத்தர் அந்த வீட்டில் பூட்டுப் போடலாம் என்பது அவர்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மகளிடம் சொன்னேன். "பூட்ட எடுத்துருத்தா. படைப்புக்கு எல்லாரும் வாராக."

"வரட்டும். அவுக அவுக ரூமு இருக்குல்ல."

"இதும் அவுகளதுதான்."

"அவுகன்னா யாரு? ஒரு பேரச் சொல்லுங்க."

சென்னைக்காரர், கோயம்புத்தூர்க்காரர், ஆச்சி என்று விரல் விட்டேன்.

"யாருக்கும் இல்லைன்னு நீங்கதான சொன்னீங்க? பரீச்ச முடியட்டும். நானே எடுத்துட்டுக் கூட்டி விட்டுர்றேன்."

வீட்டில் கடப்பாரை இருந்தது. அந்தப் பூட்டுக்குக் கடப்பாரைகூட வேண்டாம், ஒரு சுத்தியல் போதும். நான் உடைக்கவில்லை. கண்மாய்க் கரையில் உடைத்துப் போட்டிருந்ததை அவள் பார்த்தவள். அதே வேலையை அப்பனும் செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மாசி பிறந்தது. படைப்புக்கு வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்தார்கள். பூட்டைப் பார்க்க வந்தவர்கள் அதில் பாதி. அவர்கள் வந்தால் நாங்கள் பின்கட்டைக் காலி செய்துவிட்டுக் கொல்லைக் கடைசியில் இருக்கிற மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். அது வழக்கம். மனைவி சட்டிபானையைத் தூக்கிக்கொண்டாள். மகளின் பொருள் மட்டும் எதுவும் வரவில்லை. எல்லாம் அந்த அறைக்குள் இருந்தது. அவள் திருப்புதல் தேர்வு எழுதப் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

படையல் முடிந்து, பந்தி முடிந்து, எல்லாரும் வளவில் கூடினார்கள். நான் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"பூட்டுப் போட்டவுக தானா முன்ன வந்து சொல்லிட்டா மரியாதை" என்று சென்னைக்காரர் தொடங்கினார்.

"போட்டவுகளே இப்படிக் கேட்டா நாங்க என்னத்தச் சொல்றது?" என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

"நான் பூட்டுனா இந்தப் பூட்டாடா போடுவேன்? எம்பேரன் சைக்கிளுக்குக்கூட இதப் போட மாட்டான்."

"அதுக்குத்தான் இதப் போட்டிருக்கீக. சந்தேகம் வரக் கூடாதுல்ல."

"எம்புட்டு வருசமாச்சு இந்த வளவுல நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு?" என்றார் ஆச்சி. "ஓடு ஒடஞ்சு ஒழுகுது, வாங்கடான்னா ஒருத்தனும் வரல. பூட்டுன்னதும் பிளேன் ஏறி வந்துட்டீக."

"நீங்களும் பிளேன்லதான வந்தீக ஆச்சி" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"எனக்கு முட்டி வலிடா. அதுல வந்தேன்."

சிலர் சிரித்தார்கள். சென்னைக்காரர் சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கடப்பாரை எடுத்துவரச் சொன்னார். நான் திரும்பினேன். "நில்லுப்பா" என்றார் கோயம்புத்தூர்க்காரர். "யாரு பூட்டுன்னு தெரியாம ஒடச்சா அத்துமீறல்னு கேஸு வரும். வக்கீல்கிட்டக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்." எடுக்கவா வேண்டாமா என்று நான் நடுவில் நின்றேன். இத்தனை பேர், இத்தனை படிப்பு, அந்தச் சந்தைப் பூட்டைத் தொட ஒருவருக்கும் தைரியம் இல்லை.

அப்போது மகள் வந்தாள். யூனிபார்ம், ரெட்டைச் சடை, தோளில் பை. வேலைக்காரர்கள் வர வேண்டியது பின்வாசல் வழியாக. அவள் முன்வாசல் வழியாக வந்தாள். கூட்டம் தானாக வழி விட்டது. யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை என்று நினைத்திருப்பார்கள். நேராக மூலைக் கதவுக்குப் போனாள். கழுத்துக் கயிற்றை இழுத்துச் சாவியை எடுத்தாள். திறந்தாள். உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். உள்பக்கம் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

பிறகு சென்னைக்காரர் போய்க் கதவைத் தட்டினார்.

"யாரு?" என்றாள் உள்ளேயிருந்து.

அவர் கோபத்தில் மறுபடி ஓங்கித் தட்டினார். ஆச்சிதான் பதில் சொன்னார். "நாங்கதான் ஆத்தா. தொற."

திறந்தாள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நானும் அன்றைக்குத்தான் ஒழுங்காக உள்ளே பார்த்தேன். தரை மெழுகினதுபோல் இருந்தது. ஒரு பாய், ஒரு தலையணை. சுவரோரமாகப் புத்தகங்களை அளவு பார்த்து அடுக்கியிருந்தாள். கொடி கட்டித் துணிகளை மடித்துத் தொங்கவிட்டிருந்தாள். நிலைப்படிக்கு உள்ளே கால் துடைக்க ஒரு சாக்கு நான்காக மடித்துக் கிடந்தது. அது அவள் சாக்கு.

"நல்லாத்தான் வச்சிருக்கா" என்றார் ஆச்சி. "எம்மருமக ரூம்கூட இப்படி இருக்காது."

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரித்தார்கள். தோளில் கை போட்டுக்கொண்டார்கள். "நான்கூட ஒன்னையத்தான்டா நெனச்சேன்" என்றார் அண்ணன். எல்லாருக்கும் இன்னொரு ரவுண்டு காபி போடச் சொன்னார்கள். என் மனைவி போட்டாள். பங்காளிகள் ஒன்றாகிவிட்டார்கள். என் மகளால் அந்தக் குடும்பத்துக்கு வந்த நன்மை அது.

காபி குடித்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

"தப்பா நெனச்சுக்காதப்பா" என்றார் கோயம்புத்தூர்க்காரர். "இன்னைக்கு ரூமும்பாக. நாளைக்கு இத்தன வருசம் அனுபவிச்சோம்னு கோர்ட்டுல நிப்பாக. ஒன்னையச் சொல்லல, பொதுவாச் சொல்றேன்."

"பொண்ண ஹாஸ்டல்ல விட்டுரு" என்றார் சென்னைக்காரர். "நீயும் ஒஞ்சம்சாரமும் இருங்க. ஒங்க மேல எங்களுக்கு ஒரு குறையும் இல்ல."

"பங்குனி முடியுற வரைக்கும் விடுங்கய்யா. பரீச்ச இருக்கு. பூட்டு இல்லாம நடையில படுத்துக்கிடும்."

"நான் ஒன்னையப் போகச் சொல்லலியே. பொண்ண மட்டும்தான சொல்றேன்."

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது எந்த ஹாஸ்டலில் சேர்ப்பார்கள்? சொன்னேன். அவர் ஆச்சியைப் பார்த்தார். ஆச்சி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் நிமிரவில்லை.

"அப்ப நாங்களும் போறோங்க" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேசத் தெரியாது.

மகள் கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆச்சியைப் பார்த்து, "இந்த ரூம்ல இனிமே யாரு இருப்பாக?" என்றாள்.

ஆச்சி மடித்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

"சும்மா கேட்டேன்" என்றாள்.

உள்ளே போய்த் துணிகளை எடுத்தாள். கால்மிதியாகக் கிடந்த சாக்கை உதறி அதற்குள் எல்லாவற்றையும் போட்டுக் கட்டினாள். தோளில் தூக்கிக்கொண்டு வளவில் நடந்து வந்தாள். வளவுச் சுவரில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது என்பார்கள். நான் தினம் துடைத்தது. அதன் முன்னால் நின்றாள். கையில் இருந்த பூட்டை ஓங்கி எறிந்தாள்.

கண்ணாடி மேலேயிருந்து கீழ்வரை கொட்டியது.

"பாத்தீகளா? இதுக்குத்தான் சொன்னேன். இந்தப் புள்ளைய வச்சு எப்படி?" என்றார் சென்னைக்காரர். எல்லாரும் ஆமாம் என்றார்கள். எதனால் எறிந்தாள் என்பது அந்த நிமிஷமே மறந்துவிட்டது. எறிந்தாள் என்பது மட்டும் நின்றது.

அந்தப் பக்கத்தில் அதற்குப் பிறகு ஒரு வீட்டிலும் எங்களைக் காவலுக்கு வைக்கவில்லை. போய்க் கேட்டால், "கண்ணாடி ஒடச்ச பொண்ணு ஒங்க மகதானே?" என்பார்கள். வீடு இல்லாமல்தான் அவள் இப்படி ஆனாள். அவள் இப்படி இருப்பதால் வீடு இல்லை என்றார்கள். நான் யாரிடம் போய் இதை விளக்குவது?

மனைவியின் தம்பி மீமிசலில் இருக்கிறான். மீனுக்கு ஐஸ் உடைக்கிற இடத்தில் வேலை. அந்த மிஷினுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அங்கே போய் விழுந்தோம். பரீட்சை திருமயத்தில். விடிவதற்கு முன்னால் பஸ் ஏறி, அறந்தாங்கியில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். தமிழ் எழுதினாள். இங்கிலீஷ் எழுதினாள். கணக்குப் பரீட்சைக்குப் போனவள் சாயங்காலம் மூணு மணிக்கு மீமிசலில் வந்து இறங்கினாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"பஸ்ஸுல தூங்கிட்டேன்" என்றாள். "முழிச்சுப் பாத்தா புதுக்கோட்ட பஸ் ஸ்டாண்டு."

என் மனைவி என்னைப் பார்த்தாள். வேண்டுமென்றே செய்தாளோ என்று அவளுக்குச் சந்தேகம். எனக்கு இல்லை. அந்தக் கொட்டகையில் மிஷின் ஓடுகிற சத்தத்தில் யாருக்கும் ராத்தூக்கம் கிடையாது. உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கும். துணைக்கு நான் போயிருக்கலாமே என்று மச்சினன் கேட்டான். நான் அந்த நேரத்தில் ஐஸ் சுமந்துகொண்டிருந்தேன். சுமந்தால்தான் கொட்டகை.

மிச்சப் பரீட்சைகளுக்கு அவள் போகவில்லை. மறுபடி எழுதலாம் என்று பெரிய டீச்சர் ஆள் விட்டுச் சொன்னார். "எழுதலாம்" என்றாள் மகள். அவ்வளவுதான்.

இப்போது அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. கோயம்புத்தூர்ப் பக்கம் நூல் மில்லில் இருக்கிறாள். மில்லுக்குள்ளேயே ஹாஸ்டல். மேலே ஒரு படுக்கை, கீழே ஒரு படுக்கை, ஆளுக்கு ஓர் இரும்புப் பெட்டி. அங்கேயும் ஒருத்தியை அடித்ததாகச் சூப்பர்வைசர் ஒரு தடவை போன் பண்ணினார். எதற்கு என்று கேட்டேன். என் மகளின் பெட்டியை அந்தப் பெண் கேட்காமல் திறந்துவிட்டாளாம்.

போன மாதம் அந்த வீட்டுக்குப் போனேன். கிளம்புகிற அவசரத்தில் எங்கள் அம்மிக் கல்லைக் கொல்லையிலேயே விட்டிருந்தோம். மனைவி அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். புதுக் காவல்காரர் வயசாளி, தனி ஆள். "குடும்பம் இல்லாத ஆளாத்தான் வேணும்னு தேடிப் புடிச்சாக" என்றார். உள்ளே கூட்டிப்போனார். கண்ணாடி இருந்த இடத்தில் சட்டம் மட்டும் நின்றது. மூலை அறைக் கதவில் மூன்று பூட்டுகள் தொங்கின. எல்லாம் பெரிய பூட்டு. சென்னைக்காரர் ஒன்று போட்டாராம். அதைப் பார்த்துக் கோயம்புத்தூர்க்காரர் ஒன்று போட்டாராம். ஆச்சி சும்மா இருப்பாரா? பேச்சுவார்த்தை மறுபடி நின்றுவிட்டதாம்.

அம்மியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மகள் போன் பண்ணினாள். சொன்னேன்.

"மூணா?" என்றாள்.

"ஆமாத்தா."

"உள்ள என்ன வச்சிருக்காகளாம்?"

"ஒண்ணுமில்ல. தொறக்கவே இல்லையாம்."

சிரித்தாள். கதவுக்குள்ளே இருந்து "அப்பப் போங்க" என்று சிரித்த சிரிப்பு இல்லை இது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

அங்கே போய் இவ்வளவு நாள் ஆகிறதே, சாக்கைப் பிரித்துவிட்டாளா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் போனை வைத்துவிட்டாள். அடுத்த வாரமும் பேசினாள். அப்போதும் நான் கேட்கவில்லை.